சப்பாத்தில் வந்த புழுதி

இன்று காலை சின்யோராவின் மலையேறும் சப்பாத்தைக் கழுவினேன். வீட்டுவேலை செய்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு சேதியா என்று நீங்கள் கேட்பீர்கள். ஊரில் சாப்பிட்ட கோப்பையைக்கூடக் கழுவாத துரை நான். இத்தாலியில் இந்தப் பலெர்மோவுக்கு வந்து பிறத்தியாரின் சட்டி, குளியலறை, நாயின் கால் எல்லாம் கழுவிக் கைதேர்ந்துவிட்டேன். சின்யோரா பிரான்சில் ஏதோ ஒரு பழைய ஊரில் தங்கி, சுற்றியிருக்கும் மலைப்பாதைகளில் ஒரு கிழமை நடந்துவிட்டு நேற்றுத்தான் திரும்பியிருந்தார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. பல்கனித் தொட்டியில் சப்பாத்தைப் போட்டுக் குழாயைத் திறந்து தேய்க்கத் தொடங்கியதும் அந்த மணம் எழும்பியது.

நனைந்த சுண்ணாம்புக்கல்லின் மணம். யாழ்ப்பாணத்தில் கிணறு இறைக்கும் நாளில் அடிவரை இறங்கியவர்களுக்கு அது தெரியும். பலெர்மோவும் சுண்ணாம்பு ஊர்தான், கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே விளங்கும். ஆனாலும் அந்த மணம் வந்தால் எனக்கு முன்னால் வந்து நிற்பது யோகண்ணைதான்.

அவர் கிணறு வெட்டுகிறவர். பலெர்மோவின் சீசாப் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி அறையில் அவரும் மனைவி சறோ அக்காவும் இருந்தார்கள், நான் அவர்களின் குசினியில் படுத்தேன். மூன்று பேருக்கும் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி கிடையாது. சறோ அக்கா எங்களுக்கு முன்னமே ஒரு வீட்டில் துப்புரவு வேலை பிடித்துவிட்டார். யோகண்ணை வேலைக்குப் போன முதல் வீட்டிலேயே ஒரு பட்டுச் சட்டையில் ஸ்திரிக்கைப்பெட்டியை வைத்துவிட்டு யன்னலால் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். சட்டையும் போய், வேலையும் போனது. பிறகொரு ஞாயிறு மூவரும் பெல்லெக்ரீனோ மலையில் ரொசாலியா மாதாவின் குகைக்கு ஏறினோம். அங்கே கூரைக் கல்லிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்ததும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"எங்கட கல்லுத்தான்ரா இது. இந்தக் கல்லு மேல காஞ்சு கிடக்கும், கீழ தண்ணியை ஒளிச்சு வைச்சிருக்கும்."

மாதாவைக் கும்பிட்டாரோ தெரியாது, கல்லைத் தொட்டுக் கும்பிட்டதைக் கண்டேன்.

சறோ அக்காவின் தமையன் பாரிசில் இருந்தார். முதலில் யோகண்ணை போவது, பிறகு அக்காவைக் கூப்பிடுவது என்று முடிவானது. தனியாக அனுப்ப மனமில்லாமல் அக்கா என்னையும் கூடவே அனுப்பினார். ஆள் கடத்துகிற ஏஜென்சிக்காரனின் வான் எங்களை எப்படியோ பிரான்ஸ் எல்லை தாண்டவைத்தது. பிறகு சாரதிக்கு யாரோ போன் எடுத்தார்கள். அவன் முகம் மாறி, மலைமேல் ஒரு வெட்டவெளியில் எங்களை இறக்கிவிட்டு, ஒரு ஒற்றையடிப் பாதையைக் காட்டினான். அந்தப் பாதையால் போனால் ஊர், ஊரில் தேவாலயம், அங்கே வேறு கார் நிற்கும் என்று கையாலேயே சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஆவணி மாத வெயில். மரமில்லை. பார்த்த இடமெல்லாம் வெள்ளைக் கல். சப்பாத்து, காற்சட்டை, இமைமயிர் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. திருநீறு பூசின மாதிரி இருக்கிறோம் என்று நான் பகிடி விட்டேன். கொஞ்சத் தூரம் நடந்ததும் பாதையோரக் கல்லொன்றில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகப் பெயிண்ட் அடித்திருந்தது. யோகண்ணை என் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தார்.

"நில். கால் வைக்காதை."

நானும் தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. சமாதான காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். முகமாலையில் ரோட்டின் இரு பக்கமும் சிவப்படித்த தடி, சிவப்படித்த கல், மண்டையோட்டுப் பலகை. மூத்திரம் பெய்யவும் ரோட்டைவிட்டு இறங்கமாட்டோம்.

"வெள்ளைக்காரன்ர நாட்டில ஏனண்ணை மிதிவெடி?"

"அவங்களும் சண்டை பிடிச்சவங்கள்தானே. எடுக்காமல் விட்டிருப்பாங்கள். அந்தா, அங்காலயும் அடிச்சிருக்கு. விலத்தி நட."

விலத்தி நடந்தோம். பெயிண்ட் கண்ட திசைக்கெல்லாம் முதுகைக் காட்டி, கல்லுக்குக் கல் தாவி நடந்தோம். எங்களுடைய புத்தியை நாங்களே மெச்சிக்கொண்டும் நடந்தோம் என்று சொன்னால் நம்புவீர்களா? வெயில் உச்சிக்கு ஏறியபோது போத்தலில் தண்ணீர் முடிந்திருந்தது, ஊரையும் காணவில்லை. என் நாக்கு தடித்து, பேச்சுக் குழறியது. யோகண்ணை என்னை ஒரு கல்லின் நிழலில் இருத்திவிட்டு அங்குமிங்கும் பார்த்தார். பக்கத்தில் நிலம் வாய் பிளந்த மாதிரி ஒரு குழி இருந்தது. குனிந்து மணந்தார்.

"தண்ணி கிடக்கு. ஊர்க் கிணத்தை விடச் சின்னன். போத்தலைத் தா."

படிபோல் இருந்த கல்லில் கால் வைத்து, ஊரில் இறங்குவதுபோலவே முதுகைச் சுவரில் கொடுத்து இறங்கினார். "ஈரமாக் கிடக்கடா!" என்று குரல் வந்தது. அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தை இன்றும் என்னால் தாங்க முடியவில்லை. பிறகு கல் சரிந்தது. "தம்பி" என்றார். நான் மண்ணில் படுத்துக் கத்திக்கொண்டே கிடந்தேன், பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பெயிண்ட் அடித்த கற்களின் வழியே இரண்டு வயோதிபர்கள், கணவனும் மனைவியும், கையில் தடியோடு ஆறுதலாக நடந்து வந்தார்கள். நான் ஓடிப்போய் அந்த மனிதரைத் தள்ளிவிட்டேன், வெடித்துவிடும் என்று. அவர்கள்தான் எனக்குத் தண்ணீர் தந்து, போனில் ஆட்களை வரவழைத்தார்கள். யோகண்ணையை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. உடுப்பெல்லாம் வெள்ளை. போத்தல் அவரோடு வரவில்லை.

பொலிசில் மொழிபெயர்க்க ஒரு தமிழரைப் பிடித்திருந்தார்கள். அவர் நல்ல மனிதர், தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "அது நடக்கிற ஆக்களுக்கு வழி காட்டிற அடையாளம் தம்பி. அதைப் பிடிச்சு வந்திருந்தா நேரா ஊர்தான். ஊர் வாசலிலேயே தண்ணிப் பைப் ஓடுது."

என்னைத் திருப்பி இத்தாலிக்கு அனுப்பினார்கள். பலெர்மோவின் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் சறோ அக்கா நின்றார். அழுதழுது கண் வற்றியிருந்தது. ஒன்றுதான் கேட்டார்.

"எரிச்சவையோ, தாட்டவையோ?"

"தாட்டவை அக்கா. அந்த ஊர்ச் சவக்காலையில."

எரித்திருந்தால் சாம்பலைக் கடலில் கரைத்திருக்கலாம், காரியம் முடிந்திருக்கும். அந்தக் குறை அவரை விடவே இல்லை. பெர்மெசோ கையில் கிடைக்கவே பல வருசமாயிற்று. அதன் பிறகு அவருடைய தமையனின் மகள் அந்த ஊர் நகரசபைக்கு போன் எடுத்து விசாரித்தாள். தவணை முடிந்து கல்லறையை எடுத்துவிட்டார்களாம், எலும்பெல்லாம் பொதுக் குழிக்குள். அங்கத்தைய முறை அது, யாரைக் கோபிக்க?

"அந்த இடத்தை நான் கண்ணால பாக்கமாட்டன். ஒரு பிடி மண் வந்தாக் காணும், கடலில கரைச்சுவிடுவன்" என்று ஒவ்வொரு திவசத்துக்கும் சொல்லுவார். நான் கொண்டுவருகிறேன் என்று ஒவ்வொரு திவசத்துக்கும் சொல்லுவேன். எனக்கும் அந்த வெள்ளை வெளியில் மறுபடி கால் வைக்கத் துணிவு வரவில்லை.

இன்று மத்தியானம் சின்யோரா கோப்பி குடித்தபடி போனில் படங்களைக் காட்டினார். ஒரு கல், அதில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை. அடுத்த படத்தில் ஒரு குழி, அதற்கு இரும்புக் கம்பி மூடி, பக்கத்தில் எச்சரிக்கைப் பலகை. தூரத்தில் அந்த ஊர்த் தேவாலயத்தின் மணிக்கூண்டு. பிணத்துக்குப் பின்னால் இறங்கிப் போகும்போது பார்த்துக்கொண்டே போனது, எப்படி மறக்கும்?

"பெல்லோ, நோ?" என்றார், அழகு இல்லையா என்று.

"பெல்லோ, சின்யோரா."

பல்கனிக்கு ஓடினேன். தொட்டி பளிச்சென்று இருந்தது. சப்பாத்தின் அடியிலுள்ள வெடிப்புகளைப் பழைய பல்துலக்கியால் கிண்டிக் கிண்டி எடுத்திருந்தேன், நான் வேலையில் அப்படி ஒரு சுத்தம். விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு பொட்டு வெள்ளையும் ஒட்டவில்லை. புதுசு மாதிரி இருக்கிறது என்று சின்யோரா பின்னால் நின்று மெச்சினார்.

வேலை முடிந்து நேரே சீசாவுக்குப் போய் சறோ அக்காவிடம் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கதிரைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"கழுவின தண்ணி எங்கை போகும்?"

"சாக்கடைக் காணுக்குள்ள அக்கா."

"காண் எங்கை போகும்?"

"கடலுக்குத்தான் போகும்."

"எந்தக் கையால கழுவினனி?"

"வலக்கையால."

எழும்பித் துவாயை எடுத்தார். "நீயும் வீட்டை போய் முழுகு தம்பி. ஆரோடையும் கதைக்காமல் போ" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்தினார். தண்ணீர் விழும் சத்தத்துக்குள் அவர் வாய்விட்டு அழுவது கேட்டது.

ஒருவரோடும் கதைக்காமல் வீட்டுக்கு வந்து தலை முழுகினேன். சவர்க்காரம் போட்டு, கை விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினேன். துவாயால் துடைக்கும்போதுதான் நகக்கண்ணுக்குள் கொஞ்சம் வெள்ளை இருந்திருக்கும் என்பது நினைவுக்கு வந்தது.