டொராண்டோவுக்குப் போகாத நாற்காலிகள்

1. ஏழாம் நம்பர் சாப்

உடைந்த நாற்காலி ஒன்று தவுக்கேயின், அதாவது எங்கள் முதலாளியின், மேசைமேல் கிடந்தது. நாற்காலி இருக்க வேண்டிய இடம் தரை. மேசைமேல் ஏறினால் அது வம்பு என்று எங்கள் தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும்.

மலேசியாவில், மூவாரில் சாப்பாட்டு மேசையும் நாற்காலியும் செய்யும் தொழிற்சாலை அது. இருபத்தாறு வருஷம் அங்கே வேலை பார்த்தேன். முதல் பத்து வருஷம் சேண்டிங். அதாவது மரத்தை உப்புத்தாளால் தேய்ப்பது. பிறகு கியூசியில் போட்டார்கள். கியூசி என்றால், சாமான் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் குறை இருக்கிறதா என்று பார்ப்பது. சரியாக இருந்தால் நாற்காலிக்கு அடியில் ரப்பர் முத்திரை குத்த வேண்டும். நாங்கள் சாப் என்போம். என் சாப் ஏழாம் நம்பர்.

பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆங்கிலம் வராது. ஆனாலும் அந்த ஏழாம் நம்பர் என் கையில் வந்த நாள் முதல், தொழிற்சாலைக்குள் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தித்தான் நடந்தேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

மேசைமேல் கிடந்த நாற்காலியைத் தவுக்கே கவிழ்த்துக் காட்டினார். ஏழு.

டொராண்டோவிலிருந்து அதைக் கப்பலில் திருப்பி அனுப்பிவிட்டு நேரிலும் வந்திருந்தார் எங்களிடம் சாமான் வாங்கும் அங்கத்துப் பையர். வாசற்படியில் குனிந்து வரும் அளவுக்கு உயரமான மனிதர். முதுகுச் சட்டம் காலைவிட்டுப் பிரிந்து கிடந்தது. படங்கள் வேறு காட்டினார். ஒவ்வொன்றிலும் மூட்டு வாயைத் திறந்திருந்தது. ஒரு வீட்டில் வயதான ஒருவர் விழுந்து இடுப்பில் அடிபட்டிருக்கிறாராம்.

தவுக்கே என்னோடு மலாயில்தான் பேசுவார். நான் தமிழில் எழுதுகிறேன்.

"பாக்கியம், டொராண்டோவுக்கு மரத்துல ஈரம் எட்டு பர்சென்ட்தான் இருக்கணும்னு என் மக காகிதத்துல எழுதிக் குடுத்தா இல்ல? இதுல எவ்வளவு இருந்துச்சு?"

"பன்னெண்டு, தவுக்கே."

"அப்புறம் ஏன் சாப் அடிச்சே?"

உண்மையைச் சொன்னேன். "கையால ஆட்டிப் பாத்தேன். இரும்பு மாதிரி நின்னுச்சு. காகிதத்தைவிட என் கையை நம்பினேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இன்னொரு தடவை டொராண்டோவிலேருந்து இப்படி வந்தா அந்த ஆர்டர் போச்சு. அந்த ஆர்டருக்காகத்தான் ரெண்டு லைன் ஓடுது. உன் சாப்பையும் என்கிட்ட குடுத்துட்டு மறுபடி சேண்டிங் போ."

சரி என்றேன்.

2. துணி காயும் நேரம்

எனக்கு விளங்காதது ஒன்றுதான். இங்கே இறுகி நிற்கும் நாற்காலி அங்கே போய் ஏன் வாய் திறக்கிறது? தவுக்கேயின் மகள் மிஸ் ஹுவாவைப் பிடித்துக்கொண்டேன். பையர் கிளம்புவதற்குள் அவரிடம் ஒன்று கேட்டுச் சொல்லச் சொன்னேன்.

"என்ன கேக்கணும் ஆன்ட்டி?"

"அவங்க வீட்டுக்குள்ள ஈரத் துணியை விரிச்சுப் போட்டா எவ்வளவு நேரத்துல காயும்?"

மிஸ் ஹுவா சிரித்துவிட்டாள். பையர் சிரிக்கவில்லை. குளிர்காலத்தில் வீடு முழுக்க ஹீட்டர் ஓடும், துணி சீக்கிரம் காய்ந்துவிடும், உதடு வெடிக்கும், கதவைத் தொட்டால் சுளீர் என்று மின்சாரம் அடிக்கும், காற்றில் ஈரம் வேண்டுமென்று பாத்திரத்தில் தண்ணீர் வைப்பார்கள் என்று சொன்னார். பனி கொட்டும் ஊர் என்றால் ஈரமான ஊர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வெளியேதான் பனி. வீட்டுக்குள் அப்பளம் காயவைக்கலாம் போலிருக்கிறது.

இங்கே மழை நாளில் என் வீட்டுத் துண்டு இரண்டு நாளானாலும் காயாது. அந்த ஈரத்தை மரமும் குடித்துத்தான் இருக்கிறது. டொராண்டோ போனதும் அதை விட்டுவிடுகிறது. விட்டால் சுருங்கும். சுருங்கினால் மூட்டு பிரியும். காகிதத்தில் இருந்த எட்டு என்பது அந்த வீட்டுக் காற்று என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்குப் பிறகு எந்த ஊருக்கு ஆர்டர் வந்தாலும் அந்த ஊரைப் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை. பேக்கிங்கில் என்னோடு இருந்த ரொஹானிக்கு ஊர்கள் என்றால் உயிர். சாப்பாட்டு நேரத்தில் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். என்னைக் காக் என்று கூப்பிடுவாள், மலாயில் அக்கா.

"காக் பாக்கியம், இதைப் பாருங்க, துபாய். அலமாக், கட்டடம் மேகத்துக்கு மேல நிக்குது!"

"அந்த ஊர்ல ஒரு மேசைக்குப் பதினாறு நாற்காலி கேக்குறாங்க ரொஹானி. விருந்தாளி கூட்டமாத்தான் வருவாங்க போல. எனக்கு அந்த வீட்டு சமையக்கட்டைப் பாக்கணும்."

"இது தோக்கியோ. ராத்திரி வெளக்கு எப்படி இருக்கு!"

"அங்க நாற்காலிக் கால்ல துணி ஒட்டி அனுப்பச் சொல்றாங்க. கீழ்வீட்டுக்காரங்களுக்குச் சத்தம் கேக்கக்கூடாதாம். எவ்வளவு மரியாதை பாரு."

"உங்ககிட்ட படம் காட்டுறதே வேஸ்ட் லா," என்று போனை மடியில் கவிழ்த்துவிடுவாள்.

நான் ஊர்களை ரசிக்காதவள் இல்லை. ஜனங்கள் ஓர் ஊரைப் பார்த்து வாய் பிளப்பது அதன் உயரத்துக்கும் வெளிச்சத்துக்கும். எனக்கு வியப்பு வேறு. சிங்கப்பூரில் என் தங்கை வீட்டு மேசை சுவரோடு மடங்கிக்கொள்ளும். நாங்கள் செய்து அனுப்பும் மேசை மாதிரியேதான். நான்கு பேர் சாப்பிட்டு எழுந்து மேசையை மடித்தால் அங்கேயே பாய் விரிக்கலாம். அத்தனை பெரிய ஊர் ஒரு பாய் அகலத்துக்குள் குடும்பம் நடத்துகிறதே, அதைப் பார்த்துத்தான் அசந்து நின்றேன்.

3. மழையில் நின்ற கன்டெய்னர்

டொராண்டோவின் அடுத்த ஆர்டர் ஆண்டுக் கடைசி மழையில் மாட்டியது. எனக்கு முட்டி வீங்கி ஒன்பது நாள் எம்.சி. என்னும் மருத்துவ விடுப்பு போட்டு வீட்டில் இருந்தேன். திரும்பி வந்த அன்று காலை கன்டெய்னர் வாசலில் நின்றது. பெட்டிகள் பாதி சாப் இல்லாமலே ஏறியிருந்தன. மீதிக்காவது என் சாப் வேண்டுமென்று சூப்பர்வைசர் குணா காத்திருந்தான். சிம்பாங் ரெங்கம் ஊர்ப் பையன். நல்ல வேலைக்காரன், அவசரக்காரன்.

இன்னும் ஒட்டாமல் கிடந்த ஒரு பெட்டியைத் திறந்து நாற்காலியின் அடியில் ஈரம் அளக்கும் மீட்டரின் ஊசியைக் குத்தினேன். பதிமூன்று. இன்னொன்று, பன்னிரண்டு. இன்னொன்று, பதிமூன்று.

"தம்பி, மரம் எந்த அறையிலேருந்து வந்துச்சு?"

குணா மழையைப் பார்த்தான். "மரம் காயவைக்கிற அறையோட பாய்லர் கெட்டுப்போச்சுக்கா. நேத்துதான் சரியாச்சு. லைன் நிக்கக்கூடாதுன்னு பாதி காஞ்ச மரத்தை எடுத்துட்டேன். ஆட்டிப் பாருங்களேன், ஆடுதா?"

"ஆடாது. அங்க போய் ஆடும்."

"நீங்க என்ன, டொராண்டோ போயிட்டா வந்தீங்க?"

"நான் போகல. நாற்காலி போயிட்டு வந்துச்சு."

பேக்கிங்கில் யாரோ சிரித்தார்கள். குணாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அக்கா, நாளைக்குச் சாயந்திரம் பாசிர் கூடாங் துறைமுகத்துல கப்பல் ஏத்தியாகணும். விட்டா ஆர்டர் போகும். ஆர்டர் போனா இங்க இருக்கிற ரெண்டு லைனும் வீட்டுக்குப் போகும். இதோ ரொஹானி, அதோ நேப்பாளி ஆளுங்க, எல்லாரும். சாப்பை அடிங்க."

அவன் சொன்னது பொய்யில்லை. அனுப்பாவிட்டாலும் ஆர்டர் போகும், கெட்டதை அனுப்பினாலும் போகும். சிரித்தவர்கள்கூட இப்போது என்னை வேறு மாதிரி பார்த்தார்கள். ரொஹானி மெல்ல, "அடிச்சிடுங்க காக். இந்தத் தடவை மட்டும்," என்றாள்.

சாப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அங்கிருந்த பெட்டிமேல் உட்கார்ந்தேன். முட்டி வேறு நிற்கவிடவில்லை.

தவுக்கே வந்தார். குணா சொன்னதைக் கேட்டார், நான் சொன்னதையும் கேட்டார்.

"கப்பல் உனக்காக நிக்குமா பாக்கியம்?"

"நிக்காது தவுக்கே. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் எனக்கு டைம் குடுங்க. இந்த லாட்ல ஒரு நாற்காலி, பையர் சரின்னு சொன்ன சாம்பிள் நாற்காலி ஒண்ணு. அது எட்டு. ரெண்டையும் சூட்டறைக்குள்ள வைப்போம். லாட் நாற்காலி மட்டும் பிரிஞ்சா ஏத்தக்கூடாது. ரெண்டும் பிரிஞ்சா சூடு அதிகம்னு அர்த்தம். ரெண்டும் பிரியலைன்னா நான் தப்பு. அப்ப ஏத்திக்கலாம், கப்பலுக்கு நேரம் இருக்கும்."

"நீ தப்புன்னா?"

"சாப் உங்க மேசைக்கு வந்துடும்."

சூட்டறை என்பது பச்சை மரத்தைக் காயவைக்கும் அறை. இரண்டு நாற்காலிகளையும் உள்ளே வைத்துக் கதவைப் பூட்டி, சாவியைத் தவுக்கேயே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் திறந்தார்கள். இரண்டும் இறுகித்தான் நின்றன. குணா கன்டெய்னர் டிரைவருக்குப் போன் போட்டான். நான், "மத்தியானம் வரைக்கும்னு ஒத்துக்கிட்டீங்க," என்று தவுக்கேயிடம் நினைவுபடுத்தினேன். கதவை மூடினார்.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி திறந்தார்கள். சாம்பிள் நாற்காலி அப்படியே இருந்தது. மற்றதில் முதுகுச் சட்டம் சேரும் இடத்தில் மெல்லிய கோடு தெரிந்தது. கோடுதான், பெரிதாக ஒன்றுமில்லை. குணா குனிந்து, "இது பெயின்ட் வெடிப்புக்கா," என்றான்.

என் ஐ.சி. அடையாள அட்டையை எடுத்து அந்தக் கோட்டில் வைத்தேன். என் முகம் போட்ட பாதி வரைக்கும் உள்ளே போனது. அட்டையைப் பிடித்து லேசாக அசைத்தேன். நாற்காலி கிறீச் என்றது.

தவுக்கே அந்த அட்டையைத் தானும் ஒரு தடவை சொருகிப் பார்த்தார். பிறகு வெளியே போய், "இறக்கு," என்றார்.

ஏற்றிய பெட்டி அத்தனையும் மழையோடு மழையாக இறங்கின. இறக்கியவர்கள் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மிஸ் ஹுவா பையருக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் கத்தியது ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. கத்தி முடித்து, மூன்று வாரம் தருவதாகச் சொன்னார். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது.

இறக்கிய நாற்காலிகளை என்ன செய்வது என்று யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் குணாதான் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, சென்னைக்காரர் ஒருத்தர் இதே மாடல் கேட்டாரில்ல? அங்க துணி காய எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஏன், கிண்டலா?"

"இல்லக்கா, நெசமாத்தான் கேக்குறேன்."

கேட்டுப் பார்த்தோம். கடலோர ஊர், ஹீட்டர் கிடையாது, காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. பன்னிரண்டும் பதிமூன்றும் அங்கே பத்திரமாக இருக்கும். நாற்காலியில் குறையே இல்லை, போகிற ஊர்தான் தப்பு. அந்த யோசனை குணாவுடையது. அதை இங்கே எழுதாமல் விட்டால் எனக்குப் பாவம். சென்னைக்குப் போன நாற்காலி அத்தனைக்கும் நானே சாப் அடித்தேன். கை வலித்தது. வலிக்கட்டும் என்று அடித்தேன்.

டொராண்டோவுக்குப் புதிதாகச் செய்தோம். ஒவ்வொரு மரத்தையும் அறையைவிட்டு வரும்போதே குத்திப் பார்த்தேன். எட்டுக்கு மேல் காட்டினால் திரும்ப உள்ளே. ரொஹானி இரண்டு வாரம் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. மூன்றாவது வாரம் தன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கன்டெய்னர் கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாகக் கிளம்பியது.

4. சாப் பிடிக்கப் போகிறவர்களுக்கு

போன வருஷம் வேலையை விட்டேன். என் சாப்பை இப்போது வேறொருத்தி பிடிக்கிறாள். அவளுக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். மீட்டர் காட்டும் எண்ணை நம்புங்கள். ஆனால் அந்த எண் எந்த வீட்டுக்காக என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சந்தேகம் இருந்தால் சாப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு உட்காருங்கள். நம்மைத் தள்ளிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்றால் அவர்களே ஒரு நிமிஷம் யோசிப்பார்கள்.

அந்த மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு குளிர்காலம் போனது. அடுத்ததும் போனது. டொராண்டோவிலிருந்து ஆர்டர்தான் வந்தது, புகார் வரவில்லை. அந்த ஊரில் பெரிய கோபுரம் இருக்கிறதாம், உலகமே போய்ப் பார்க்கிறதாம். நான் பார்த்ததில்லை. அங்கே ஏதோ ஒரு வீட்டில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்க, வயதான ஒருவர் கைப்பிடி எதையும் தேடாமல் நாற்காலியில் சாய்ந்து உட்காருகிறார். அவர் விழமாட்டார்.