பட்டறைச் சுவரில் ஒரு பிள்ளையார்

எங்கள் லேத் பட்டறையை மூட வைத்தது பிள்ளையார்தான் என்று என் வீட்டுக்காரர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளையாரா பேனா பிடித்தார்? மூட வைத்தது மனுஷர்கள். காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு ஆபீசுக்குப் போகிற மனுஷர்கள்.

எழுபதுகளின் நடுவில், திண்டிவனம் ரோட்டிலிருந்து ஊர்ப் பெரிய கோயில் பக்கம் போகிற ஒரு குறுக்குத் தெருவில் மனை வாங்கி ஷெட் போட்டோம். அப்போது அங்கே ஒரு மரவாடி, ஒரு மாவு மில், பாக்கியெல்லாம் முள்ளுச் செடி. எங்களிடம் ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு வெல்டிங் செட். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, தோல் உடைக்கிற மிஷினின் ஷாஃப்டைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். மிஷின் வேலை அவருடையது. லைசென்ஸ், கரண்ட், ஆபீஸ் நடையெல்லாம் என் தலையில். ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் நின்றால் அவருக்கு வாய் வராது. எனக்கு வாய் நிற்காது.

கார்த்திகை தீபத்துக்கு வருகிற கூட்டம் எங்கள் சுவரைக் கக்கூசாக்கியது. எழுதி வைத்தோம், கத்திப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஊரில் எல்லோரும் செய்வதைச் செய்தோம். சுவரில் ஒரு மாடம் குடைந்து பிள்ளையாரை வைத்தோம். மறுநாளே நாற்றம் நின்றது. அதோடு விட்டிருக்க வேண்டும். இவர் மேலே ஒரு தகரக் கூரை போட்டார். ஆயுத பூஜையில் லேத்துக்குக் காட்டிய கற்பூரத்தை அப்படியே வெளியே எடுத்துப்போய்க் காட்டினார். கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று தோப்புக்கரணம் போட்டார்கள். யாரோ ஒரு பெண் வெள்ளிக்கிழமைகளில் கோலம் போட ஆரம்பித்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஊருக்குத் திட்ட வரைபடம் போடுகிறோம் என்று டேப்பும் காகிதமுமாக இரண்டு பேர் வந்தார்கள். எந்த மனையில் என்ன நடக்கிறது என்று பார்த்து ஒரு நிறம் கொடுப்பார்களாம். குடியிருப்புக்கு மஞ்சள், கடைக்கு நீலம், தொழிலுக்கு ஊதா, கோயில் மாதிரிப் பொது இடத்துக்குச் சிவப்பு. அந்த நிறத்தில் எது செய்யலாம், எது கூடாது என்பது அப்புறம் சட்டம்.

அவர்கள் எங்கள் தெருவுக்கு வந்தது ஒரு சங்கடஹர சதுர்த்தி அன்று. வாசலில் கூட்டம் நின்று தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தது. சாமிக்கு மரியாதை என்று இவர் லேத்தை நிறுத்தி ஷட்டரை இறக்கியிருந்தார். நான் வீட்டில் இருந்தேன். வந்தவர்கள், "இது இன்னாங்க இடம்?" என்று கேட்டிருக்கிறார்கள். இவர் கை நிறையச் சுண்டலை அள்ளிக் கொடுத்து, "நம்ம கோயிலுங்க," என்றிருக்கிறார். அவர்களும் சுண்டலைத் தின்றுகொண்டே எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஷட்டருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருத்தன் கேட்கவில்லை.

லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோதுதான் தெரிந்தது. எங்கள் மனை முழுக்கச் சிவப்பு.

"கோயில் இடத்துல லேத் ஓட்ட அனுமதி இல்லம்மா," என்றார் கிளார்க்.

"கோயில் எங்கங்க இருக்குது? செவுத்துல ஒரு மாடம். உள்ள வந்து பாருங்க, மிஷின் ஓடுது."

"இதுல அப்படித்தாம்மா போட்டிருக்குது."

ஆட்சேபம் சொல்லத் தவணை கொடுத்து நோட்டீஸ் ஒட்டினார்களாம். எங்கே? அவர்கள் ஆபீஸ் சுவரிலேயே. மஞ்சளில் இருந்தால்கூட ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஓட்டலாம் என்று அவர்கள் விதியிலேயே இருந்தது. எங்கள் மோட்டார் அவ்வளவுதான். சத்தம் போட்டுப் படித்துக் காட்டினேன். கிளார்க் டீ குடிக்கப் போய்விட்டார். மாசக்கணக்கில் நடந்தேன். ஒருத்தராவது வந்து ஷட்டரைத் தூக்கிப் பார்த்திருந்தால் என் வயிறு இவ்வளவு எரிந்திருக்காது.

கடைசியில் ஒரு அதிகாரி வழி சொன்னார். "மாடத்தை எடுத்துட்டு போட்டோ புடிச்சி மனு குடுங்க. நிறத்தை மாத்த எழுதறேன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "என் கையால மாட்டேம்மா," என்றார் இவர். சரி, என் கையால் என்று கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளையாரை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளப் புதுத் துண்டும் எடுத்துப் போயிருந்தேன். முதல் இடி விழுவதற்குள் தெருவே கூடிவிட்டது. முன்னால் நின்றவர் பக்கத்து வீட்டுக்காரர். எங்களுக்கு அப்புறம் வந்து வீடு கட்டி, லேத் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று மூன்று முறை புகார் எழுதிய அதே மனுஷர்.

"சாமி மேல கை வைக்கிறியேம்மா, நீ நல்லாருப்பியா?"

"நாங்க வெச்ச சாமிங்க. உங்க ஜனங்க மூத்திரம் போவாம இருக்க வெச்சது."

ஒரு கிழவி என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடப்பாரையைக் கீழே போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றைக்கும் என்மேலேயே எனக்குக் கோபம். அன்று சாயங்காலமே பிள்ளையாருக்கு ஒரு கமிட்டி போட்டார்கள். கொஞ்ச நாளில், லைசென்ஸ் இல்லை என்று கரண்ட் ஆபீஸ்காரர்கள் வந்து கரண்டை வெட்டினார்கள். லேத்தை டிராக்டரில் ஏற்றி, கீழ்பென்னாத்தூர் ரோட்டில் வயலுக்கு நடுவே ஒரு வாடகைக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். சொந்த மனை இருக்க, வாடகை இடத்தில் பிழைப்பு.

ஆறு மாசம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் அந்தக் கொட்டகையைத் தேடி வந்தார்கள். "பிள்ளையாருக்கு ஒரு கிரில் கேட் வேணுங்க. நாய் வந்து படுக்குது. உங்க கை வேலை மாதிரி வராது."

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பையிலிருந்து டேப்பை எடுத்துவிட்டார். நாலு நாள் உட்கார்ந்து, வளைவு வைத்து, நடுவில் ஓம் வைத்துச் செய்தார். அந்த நாலு நாளும் நான் அவரோடு பேசவில்லை. கேட்டை மாட்டிப் பூட்டும் போட்டுவிட்டுத் திரும்பி வந்து கை கழுவினார்.

"சாவி எங்க?" என்று கேட்டேன்.

"கமிட்டிகிட்ட குடுத்துட்டேன்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.