நான்காம் ஆண்டு நாற்காலி

என் மகள் நான்காம் ஆண்டில் சேர்ந்து சில வாரங்கள்கூட ஆகவில்லை. அதற்குள் சுபாங் ஜெயாவில் அவள் படிக்கும் தனியார் பள்ளியில் என்னைக் கூப்பிட்டு, பிள்ளை ரொம்பக் கெட்டிக்காரி, ஐந்தாம் ஆண்டுக்கு ஏற்றிவிடலாமா என்று கேட்டார்கள். என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. நாங்கள் இன்னும் பதிலே சொல்லவில்லை, அவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"நீயும் அப்படிப் போனவதானே? உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இங்கே மலேசியாவில் ஒரு தேர்வு இருந்தது. தேறினால் நான்காம் ஆண்டு படிக்காமலே மூன்றிலிருந்து ஐந்துக்குப் போகலாம். செந்தூலில் என் தமிழ்ப்பள்ளி வகுப்பிலிருந்து அப்படிப் போனது நான் ஒருத்திதான். இன்றைக்குக் கணக்காய்வு வேலை, கிள்ளானில் சொந்த வீடு. ஒரு குறையும் இல்லை.

அந்த வார இறுதியில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குத் தனியாகப் போயிருந்தேன். கை கழுவும் இடத்தில் ஒரு பெண் என் தோளைத் தொட்டாள். மூன்றாம் ஆண்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். முகம் மாறவே இல்லை.

"மூணுல ஒண்ணா உட்கார்ந்தோம்ல," என்றேன்.

"மூணுலயும் நாலுலயும்."

"நான் நாலு படிக்கலையே. அஞ்சுக்குப் போயிட்டேன்லா."

அவள் சிரிக்கவில்லை. "அஞ்சுலயும் இருந்த, தெரியும். ரீசஸ்ல பார்ப்பேன். ஆனா நாலுலயும் என் பக்கத்துலதான் இருந்த. ஜன்னல் ஓரம். கண்ணாடி உடைஞ்சு மழை உள்ள அடிக்கும், நீ என் மேல ஒதுங்குவ. பேசவே மாட்ட. டீச்சரும் உன் பேரைக் கூப்பிட மாட்டாங்க. எனக்குப் பாவமா இருக்கும்."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, வரேன்," என்று போய்விட்டாள்.

பேய்க்கதை என்றால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கிறுக்குப் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டு இலைமுன் உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். எனக்குள் பழைய நினைவு ஒன்று உண்டு. இடது கையில் மழைச் சாரல், நனைந்து ஒட்டும் சட்டைக் கை, வலப் பக்கம் சூடாக ஒரு தோள். அது மூன்றாம் ஆண்டு என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். ஆனால் மூன்றாம் ஆண்டில் நான் வகுப்பின் நடுவில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவள். ஐந்தில் கதவோரம். ஜன்னலோரம் நான் உட்கார்ந்ததே இல்லை.

இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மகளை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள் உட்கார வைத்துப் பார்த்தார்கள். மாலையில் கூட்டிக்கொண்டு திரும்பும்போது நெடுஞ்சாலையில் ஒரே ஜாம். பின் இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"ஈசிம்மா. எல்லாம் தெரிஞ்சதுதான்." கொஞ்சம் கழித்து, "ரீசஸ்ல என் கிளாஸ் பக்கம் போனேன். என் நாற்காலி காலியா இல்ல," என்றாள்.

"யாரு உட்கார்ந்திருந்தா?"

"நான்தான்."

கதை விடாதே என்று அதட்டியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "என்ன பண்ணிக்கிட்டு இருந்த?" என்று என் வாய் கேட்டது.

"ஒண்ணும் பண்ணல. கையைக் கட்டிக்கிட்டு வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தா. என்னைப் பார்த்ததும் எழுந்திரிச்சா. நான் ஓடி வந்துட்டேன்."

"பயமா இருந்துச்சாம்மா?"

"எனக்கு இல்ல. அவளுக்குத்தான் பயமா இருந்துச்சு."

முன்னால் நின்ற லோரி நகர்ந்தது. பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். "அவ வயசுப் பிள்ளைங்களோட இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னேன். பிள்ளையின் அதிர்ஷ்டத்தை நானே கெடுக்கிறேன் என்று கத்தினார். குழுவில் இருப்பவர்களுக்கு என்ன சொல்வது என்பதுதான் அவருடைய பெரிய கவலை. நான் பிடிவாதமாக நின்றேன்.

மறுநாள் காலை நானே அவளை நான்காம் ஆண்டு வகுப்பு வரை கொண்டுபோய் விட்டேன். நாற்காலியை இழுத்து, முதலில் அதன் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள், பக்கத்தில் யாருக்கோ இடம் விடுவதுபோல். கொஞ்ச நேரத்தில் நகர்ந்து நடுவில் நன்றாக உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்து, போ என்று கையைக் காட்டினாள். எனக்கு மூச்சு வந்தது.

கார் நிறுத்திய இடத்துக்கு நடந்தபோது காலை வெயில் சுள்ளென்று அடித்தது. கதவைத் திறக்கப் போனபோது என் கையைப் பார்த்தேன். இடது சட்டைக் கை நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது. செந்தூலில் ஜன்னலோரம் இன்னும் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையை இனி யார் போய்க் கூட்டிவருவது என்று நினைத்து, காரில் உட்கார்ந்து அழுதேன்.