அண்ணனின் பகல் உறக்கம்

நன்மை செய்வதாக முழுமனத்துடன் நம்புகிற ஒருவன், தான் செய்வது நன்மைதானா என்பதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது? என் அண்ணனைக் கேபினிலிருந்து இறக்கி, கையுறையும் கிரீசும் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர் அறையில் உட்கார வைத்த பிறகுதான் இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது. வெகு முன்பே எழுந்திருக்க வேண்டிய கேள்வி அது.

அண்ணன் நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டர். மேல்மண்ணையும் நிலக்கரியையும் மைல் கணக்கில் சுமந்து செல்லும் ரப்பர் பெல்ட்டுகளைக் கேபினில் இருந்தபடி ஓட்டுவதும் நிறுத்துவதும் அவர் பொறுப்பு. நின்றிருக்கும் பெல்ட்டை மீண்டும் ஓட்டுவதற்கு முன்பு சைரன் ஒலிக்க வேண்டும்; பெல்ட்டின் மேலோ அடியிலோ ஆள் எவரும் இல்லை என்று வழியெங்கும் நிற்பவர்களிடம் போனில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள்தாம் பெல்ட்டின் அடியில் குனிந்து, சிந்திய மண்ணை வாரிக்கொண்டிருப்பார்கள். தன் கையால் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்பதுதான் அண்ணன் வாய்விட்டுச் சொல்லும் ஒரே பெருமை. என் முதுகலைப் படிப்பு முழுவதும் அவர் உழைப்பில் நடந்தது. படிப்பு முடிந்து, சொந்த ஊரான முத்தாண்டிக்குப்பத்து வீட்டுக்குத் திரும்பாமல், டவுன்ஷிப்பில் அவருடைய குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிட்டேன். மாலையில் ஒரு டியூஷன் சென்டரில் விலங்கியல் கற்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களுடன் சேர்ந்து தொழிலாளர் குடும்பங்களுக்கு உடல்நலக் கூட்டங்கள் நடத்தினேன். என் தலைப்பு மூளை.

அந்தத் தலைப்பில் எனக்கு உண்மையான ஈடுபாடு இருந்தது. மூளையின் உட்புறத்தில் கடற்குதிரையைப் போல் வளைந்த ஒரு சிறு பகுதி, அன்றன்றைய நிகழ்வுகளை வாங்கி வைத்துக்கொள்கிறது. நாம் உறங்கும்போது அவற்றில் வேண்டியவற்றைப் பிரித்து, நெடுங்கால நினைவாக நிலைநிறுத்த உதவுகிறது. பகல் முழுவதும் உழைத்த மூளை தன் கழிவை அகற்றிக்கொள்வதும் பெரிதும் உறக்கத்தில்தான். இதையெல்லாம் படம் வரைந்து விளக்குவேன். தினமும் நடக்க வேண்டும், புதிதாக எதையேனும் கற்க வேண்டும், தனிமையில் அடைந்து கிடக்காமல் மனிதர்களோடு பேச வேண்டும், இரவில் உறங்கிச் சூரியனோடு எழ வேண்டும் என்று முடிப்பேன். கைதட்டுவார்கள். இரவில் உறங்கச் சொல்லும் அறிவுரையை, பாதிப் பேர் ஷிப்டுக்குப் போகிற ஓர் ஊரில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்று எனக்கு ஒருமுறைகூட உறைத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஸ்கூட்டரில் சந்தைக்குப் போய், காய்கறிப் பையோடு ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தார்.

"வண்டி எங்கங்க?" என்றார் அண்ணி.

அண்ணன் வாசலைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "சந்தையிலயே நிக்குது. கத்திரிக்கா வெல பேசிகினே ஆட்டோல ஏறிட்டேன்."

"நல்லவேள, என்னைக் கூட்டினு போவல. என்னையும் அங்கயே வுட்டுட்டு வந்திருப்பீங்க."

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். அண்ணன் மகளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எங்கள் பெரியப்பா கடைசிக் காலத்தில் சொந்த வீட்டை அடையாளம் தெரியாமல் தெருத்தெருவாக அலைந்தது என் நினைவுக்கு வந்தது. அண்ணனுக்கு ஐம்பது நெருங்குகிறது. இப்போதே காக்கத் தொடங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அன்று அது எனக்கு அன்பாகவே தோன்றியது. அன்புதான். ஆனால் என் அறிவு சரியென்று நிரூபிக்க ஓர் ஆள் வீட்டிலேயே கிடைத்துவிட்ட மகிழ்ச்சியும் அதில் கலந்திருந்ததை இப்போது மறைக்க விரும்பவில்லை.

எங்கள் பிளாக்கில் ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிப்ட் முடித்து வந்து உறங்குகிறவர் வீட்டுக் கேட்டில் அவருடைய சுரங்க ஹெல்மெட் தொங்கும். அதைப் பார்த்ததும் மீன்காரம்மா குரலை அடக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் உருட்டாமல் தூக்கி வருவார். உள்ளே மிக்ஸி ஓடாது. குக்கர் விசில் அடிக்காது. தேங்காய்ச் சட்னி வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு மிக்ஸியில் அரைத்து வருவார் அண்ணி. அதே மரியாதையைப் பக்கத்து வீட்டுக்காரர் நைட் ஷிப்டுக்குப் போகும் வாரங்களில் இவர்களும் செய்வார்கள்.

நான் அந்த ஹெல்மெட்டைக் கழற்றி உள்ளே வைத்தேன்.

பகல் உறக்கம் உறக்கமே அல்ல என்றேன். பகலில் அளவுக்கு மீறித் தூங்குவது மறதி நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்றேன். நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் காலையில் வந்து இறங்குகிறவரை வீட்டுக்குள் விடாமல், வெயில் படட்டும் என்று நிழற்சாலைகளின் ஓரமாக நடக்க வைத்தேன். பத்து மணிக்குப் படுத்தவரை நண்பகலுக்கெல்லாம் எழுப்பி, எண் புதிர்க் கட்டங்களை நிரப்பச் சொன்னேன். இந்தி எழுத்துகளைக் கற்பித்தேன். இரண்டாம் ஷிப்ட் முடிந்து இரவில் வந்து தாமதமாகப் படுத்தவரையும் விடியலில் எழுப்பினேன்.

"அண்ணா, எழுந்திருண்ணா. மூளைக்கு ரத்தம் போவணும்."

"போவுதுடா. இப்பத்தான் போய்ப் படுத்துது. அதையாவது தூங்க வுடு" என்பார். ஆனாலும் எழுந்துவிடுவார். அண்ணி ஒருநாள் வாய்திறந்தார்: "தம்பி, அவரு கண்ணு பாருங்க, கோவைப்பழமா செவந்து கெடக்குது. ஒரு வாரம் வுட்டுப் புடிக்கலாமே?"

நான் பதில் சொல்வதற்கு முன்பே அண்ணன் குறுக்கிட்டார். "சும்மா இரு. படிச்சவன் சொல்றான். கூட்டத்துல எத்தினி பேரு இவன் பேச்சக் கேக்கறாங்க, தெரியுமா?"

அந்த வாக்கியத்தை அன்று ஒரு விருதைப் போல் வாங்கிக்கொண்டேன்.

மறதி கூடியது. மகளை எங்கள் தங்கையின் பெயர் சொல்லி அழைத்தார். கேட்டதையே மீண்டும் கேட்டார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதன் எதிரிலேயே நின்றுகொண்டு பொங்கவிட்டார். ஒவ்வொன்றும் என் சந்தேகத்துக்குச் சான்றாகச் சேர்ந்தது. சான்று சேரச் சேரப் பயிற்சியை இன்னும் கடுமையாக்கினேன். மருந்தே நோயை வளர்க்கிறதோ என்ற எண்ணம், வகுப்பில் மாணவர்களுக்குக் காரணம் வேறு உடனிகழ்வு வேறு என்று கற்பிக்கிற எனக்குத் தோன்றவில்லை.

பிறகு ஒருநாள் காலை, வேலையிலிருந்து வந்த அண்ணன் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, கையை வைக்காமல் சொன்னார்: "பெல்ட்ட ஸ்டார்ட் பண்ணப் போனேன். சைரன் அடிச்சனா இல்லியான்னு ஒரு நிமிஷம் தெரியல. கை பட்டன் மேல இருக்குது. எடுத்துட்டு, மறுபடியும் அடிச்சேன்."

அண்ணி அழுதார். பெல்ட்டின் அடியில் குனிந்து நிற்கும் அந்த மனிதர்களில் சிலர் என் கூட்டங்களுக்கு வந்தவர்கள். என் அண்ணனின் வேலையா, அவர்கள் உயிரா என்று எடைபோட்டேன். எடைபோட்டதில் தவறில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் தராசில் வைக்க வேண்டிய ஒன்றை, நானே அவரை உறங்கவிடவில்லை என்பதை, வைக்காமல் விட்டேன். அண்ணனிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், அடுத்த பிளாக்கில் குடியிருந்த அவருடைய ஷிப்ட் இன்சார்ஜிடம் போய், "அண்ணனுக்கு மறதி நோய் ஆரம்பிச்சிருக்கு சார்" என்றேன். அறிகுறிகளை வரிசையாகச் சொன்னேன். தெளிவாகப் பேசினேன். அவர் நம்பினார். நம்பாமல் இருந்திருந்தால் அவர் கடமை தவறியவராகியிருப்பார்.

மறுநாளே அண்ணனுக்கு ஸ்டோர். காரணத்தை இன்சார்ஜ் வெளியே சொல்லவில்லை என்றாலும், காரணம் தானாகவே கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டது. "ஆபரேட்டரே, ஸ்டாப் வந்துட்டுது. எறங்கணும்னு ஞாபகம் இருக்குதா?" என்றார் ஒருவர். "எறங்கிட்டு வூட்டுக்குத்தான் போவணும், வேற வூட்டுக்குப் போயிடாதீங்க" என்றார் இன்னொருவர். அண்ணன் இதை எங்களிடம் சொன்னபோது சிரிக்க முயன்றார். பிறகு, இன்சார்ஜிடம் சொன்னது நான்தான் என்று தனக்குத் தெரியும் என்றார். கோபப்படவில்லை. "நாலு பேரு உசுரு இல்லியா. நீ சொன்னது சரிதான்டா. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம், அவ்ளோதான்."

கடலூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் அண்ணனை வெகுநேரம் சோதித்தார். சொற்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். நடந்து காட்டச் சொன்னார். நான் என் குறிப்புகளுடன் தயாராக இருந்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. அண்ணனிடம் கேட்டார்: "எந்த நேரத்துல தூங்குறீங்க?"

அண்ணன் என் பக்கம் திரும்பாமல், "ஷிப்டு வேலைங்க டாக்டர். பகல்ல தூங்குறது. பஸ் சத்தம், அது இதுன்னு..." என்று இழுத்தார்.

"பஸ் சத்தம் இத்தனை வருஷமா இருக்குமே. இப்ப என்ன புதுசா?"

அண்ணி தரையைப் பார்த்தார். அண்ணன் மேசைமேல் இருந்த மூளையின் பிளாஸ்டிக் மாதிரியைப் பார்த்தார். அவர் எனக்காகப் பொய்யைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது புரிந்த அந்தக் கணத்தில் என் காது மடல்கள் சூடேறின. "நான்தான் எழுப்புவேன் டாக்டர்" என்றேன். எப்படி, எவ்வளவு காலமாக, எதற்காக என்று சொல்லச் சொல்ல, என் குரலே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"இப்ப பாத்ததுல நோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை. பட்டினி போட்ட ஆளுக்கு மயக்கம் வருதுன்னு சொன்னா, முதல்ல சோறு போடணும். நைட் பார்க்குற ஆளுக்குப் பகல்தான் ராத்திரி. சன்னலுக்குக் கெட்டியா திரை போடுங்க. எழுப்பாதீங்க. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் பார்ப்போம். அதுவரைக்கும் அந்த வேலை வேண்டாம்."

வழியெல்லாம் அண்ணன் பஸ்ஸில் தலையைச் சாய்த்து உறங்கிக்கொண்டு வந்தார். வாய் திறந்திருந்தது. வடலூரில் ஆட்கள் இடித்துக்கொண்டு ஏறியபோதும் விழிக்கவில்லை. அவ்வளவு களைத்த முகத்தை நான் தினமும் பார்த்திருந்தேன்; அறிகுறியாக மட்டுமே பார்த்திருந்தேன்.

அண்ணன் கொஞ்ச நாள் நன்றாக உறங்கிய பிறகு மீண்டும் சோதித்த மருத்துவர், அவர் தன் வேலைக்குத் திரும்பலாம் என்றார். ஆனால் இன்சார்ஜிடம் நான் போய் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் பெருமூச்சு விட்டார். "எனக்குப் புரியுது தம்பி. கூட வேலை செய்யுறவங்களுக்குப் புரியணுமே. அவர் குரல் போன்ல வந்தா, பெல்ட்டுக்கு அடியில நிக்குறவன் நம்பணும். அதை நான் ஆர்டர் போட்டு வரவைக்க முடியாது."

ஆகவே இரண்டாம் ஷிப்ட் பஸ் வருவதற்கு முன்பாக நிறுத்தத்துக்குப் போனேன். அண்ணனும் நின்றிருந்தார். ஹெல்மெட்டும் டிபன் கேரியருமாக நின்றவர்களிடம், என் அண்ணனுக்கு எந்த நோயும் இல்லை, நான் படித்த திமிரில் அவரைத் தூங்கவிடாமல் செய்தேன், அந்தக் களைப்பைத்தான் நோய் என்று போய்ச் சொன்னேன் என்றேன். கூட்டங்களில் தயங்காமல் பேசும் எனக்கு அந்தச் சில வாக்கியங்களைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு உலர்ந்துவிட்டது.

பஸ்ஸில் அண்ணனை இறங்க ஞாபகம் இருக்கிறதா என்று கிண்டல் செய்தவர்தான் என்று நினைக்கிறேன், சொன்னார்: "அப்ப வியாதி உங்களுக்குத்தான் தம்பி. மருந்து சாப்புடறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நின்றிருந்தவர்களில் பெல்ட்டடியில் வேலை பார்க்கும் ஒருவர் மட்டும் சிரிக்காமல் அண்ணனிடம் திரும்பி, "நீ நல்லாத் தூங்கிட்டு வாண்ணா. நாங்க கீழ நிக்கறம்" என்றார்.

அண்ணனின் முகம் சிவந்துவிட்டது. "போதும்டா. வூட்டுக்குப் போ. பஸ் வருது" என்றார் என்னிடம்.

சில வாரங்கள் இன்னொரு ஆபரேட்டர் உடனிருந்து பார்த்த பிறகு, அண்ணன் கேபினுக்குத் திரும்பினார். நான் இப்போதும் மூளையைப் பற்றிக் கூட்டங்களில் பேசுகிறேன். எந்த ஷிப்ட், எப்போது தூங்குகிறீர்கள் என்று முதலில் கேட்டுவிட்டுப் பேசுகிறேன். அண்ணன் என்னிடம் பழையபடியே பேசுகிறார், சிரிக்கிறார். பகலில் உறங்கப் போகும்போது மட்டும் அறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொள்கிறார். முன்பு தாழிட்டதில்லை.