சாமிக்கு நேர்ந்த முடி

நான்கு வருடத்துக்கு முன், ஆடிக் கிருத்திகைக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு ஒரு புதன்கிழமை காலை, திருத்தணி மலைமேல் மொட்டை போடும் மண்டபத்தில் தொடங்கியது இது.

திருத்தணியிலிருந்து பஸ்ஸில் போனால், எங்கள் ஊர் ஆர்.கே.பேட்டைக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் இருக்கிறது. நான் விசைத்தறி ஓட்டுகிறேன். பெண்ணாகப் பிறந்தாலும், விவரம் தெரிந்த நாளிலிருந்து எனக்குப் பிடித்தது சட்டை, பேன்ட், ஒட்ட வெட்டிய முடி. சின்ன வயதில் யாரும் கண்டுகொள்ளவில்லை. இருபத்து மூன்று வயதானதும் அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. நான் லட்சணமான பெண்ணாக மாறி, ஒரு வரன் அமைந்தால் முடி கொடுப்பதாக முருகனிடம் வேண்டிக்கொண்டார். தன் முடியை இல்லை, என் முடியை! சாமிக்கு நேர்ந்துவிட்டால் அதில் கத்தரி வைக்கக் கூடாது. நானும் வாயை மூடிக்கொண்டு இரண்டு வருடம் வளர்த்தேன்.

முடி தோளைத் தாண்டியபோது எனக்குத் தூக்கம் போயிற்று. தறியை நிறுத்திய பிறகும் நெஞ்சுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக் கண்ணாடியைத் துண்டு போட்டு மூடிவைத்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், மனதில் ஏதாவது பாரம் இருக்கிறதா என்று கேட்டார். பக்கத்தில் அம்மா நின்றதால் ஒன்றுமில்லை என்று சொல்லி, சத்து மாத்திரையோடு திரும்பி வந்தேன். அடுத்த வாரம் தறி ஓடும்போதே மயங்கி விழுந்தேன். சாமிக் குத்தம்தான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். முதலில் முடியைக் கொடுப்போம், வரனைப் பிறகு கேட்டுக்கொள்வோம் என்று மலைக்கு அழைத்துப் போனார்.

பெண்களுக்கு மொட்டை போடும் அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார். முழு மொட்டையா, பூமுடியா என்று கேட்டார். பூமுடி என்றால் நுனியில் மூன்று கற்றை மட்டும் வெட்டுவது. அம்மா பூமுடி என்று சொல்லி முடிப்பதற்குள் நான், “முழுசா எடுத்துடுங்க” என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளை என்று அம்மா பதறினார். அந்த அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அம்மாவிடம் நிதானமாகச் சொன்னார்: “சாமிக்குன்னு வளர்த்த முடிதானேம்மா? மூணு கத்தை மட்டும் அவருக்கு குடுத்துட்டு மீதிய நீங்க வச்சிக்குவீங்களா?”

அம்மா கடைசியில் சரியென்று தலையை அசைத்தார்.

தண்ணீர் தெளித்துக் கத்தி வைத்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “அழுதுகினே இரு கண்ணு, தலைய மட்டும் ஆட்டாத” என்றார் அக்கா. அழுகையோடு சிரித்தும்விட்டேன். குளித்துவிட்டு வந்ததும் அம்மாவே சந்தனத்தைக் குழைத்துத் தலையில் பூசினார். சந்தனக் கடைக் கண்ணாடியில் ரொம்ப நாள் கழித்து என்னைப் பார்த்தேன். அப்பாடா என்றிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததுதான் தெரியும். கண் விழித்தால் ஆர்.கே.பேட்டை பஸ் நிலையம். பஸ்ஸில் நாங்கள் இருவர் மட்டும். என் தலை அம்மாவின் தோளில், அவர் புடவையெல்லாம் சந்தனம். நம் நிறுத்தத்தில் ஏன் இறங்கவில்லை என்று கேட்டேன்.

“தூங்கினு இருந்த. எத்தினி மாசம் ஆச்சு நீ தூங்கி? எழுப்ப மனசு வரல.”

அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அம்மா என் முகத்தைப் பார்க்காமல், “இப்படி இருக்கறதுதான் உனக்கு புடிச்சிருக்கா?” என்றார்.

“ஆங்” என்றேன்.

அம்மா பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு, “வருஷா வருஷம் உனக்கு மொட்டை போடறதா வேண்டிக்கினேன்னு சொல்லிடறேன். சாமி காரியம்னா எவளும் வாயத் திறக்க மாட்டா” என்றார்.

மொட்டை போட்டதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுபடி டாக்டரிடம் போய் இந்த முறை உண்மையைச் சொன்னேன். அம்மா வெளியே பெஞ்சில் காத்திருந்தார். இன்னும் மாதம் ஒருமுறை போகிறேன். வரன் பேச்சு எப்போதாவது எட்டிப் பார்க்கும், போய்விடும். வருடா வருடம் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொள்கிறேன்; முடி தோளைத் தொடுவதே இல்லை. நெஞ்சு படபடக்கிற இரவுகளில், என் தூக்கம் கலையக் கூடாதென்று இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்த அம்மாவை நினைத்துக்கொள்வேன். கண் தானாக மூடிக்கொள்ளும்.