எடமாமே என்றதும் எழுந்த சென்னைப் பாசம்

சன்னிவேலில் ஒரு சின்ன ஜப்பானிய உணவகத்துக்கு இன்று போனோம். ஜப்பானிய மொழியில் நன்றி சொல்ல, நூலகப் புத்தகத்தைப் பார்த்து ஒரு வாரமாகப் பழகியிருந்தேன்.

பரிமாறுபவர் அப்பாவிடம், "எடமாமே?" என்றார்.

அப்பா துள்ளினார். "எடு மாமேவா? தம்பி, நம்ம மெட்ராஸா நீ?"

"அப்பா, அது வேகவச்ச சோயா பீன்ஸ்ப்பா!" என்றேன்.

"மானத்த வாங்காதீங்க," என்றார் அம்மா.

அப்பா விடவில்லை. சென்னையில் மாமே என்றால் நண்பன் என்று பரிமாறுபவருக்கு ஆங்கிலத்தில் பாடமே எடுத்துவிட்டார்.

கிளம்பும்போது நான் குனிந்து, "அரிகாதோ கொசைமாஸ்," என்றேன்.

பரிமாறியவர் என் தலைக்கு மேலே அப்பாவைப் பார்த்துக் கையசைத்தார். "பை, மாமே!"

அடுத்த வாரம் ராமென் நூடுல்ஸ் கடையாம். "ராமனுக்கு எந்த ஊரு?" என்று அப்பா கேட்காமலிருக்க யாராவது வழி சொல்லுங்கள்.