என் மகளும் நான் சுட்ட ரொட்டியும்

சபையார் எல்லோருக்கும் ஸ்தோத்திரம். என் எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்கு வராது. மைக்கைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

விம்கோ நகரில் ஒரு பேக்கரியில் இருபத்தாறு வருடமாக அடுப்பு வேலை பார்க்கிறேன். வீடு சடையங்குப்பத்தில். இது நடந்தபோது என் ஒரே மகள் ஜெனிக்கு எட்டு வயது. வேலை முடிந்து நான் வந்ததும் ஓடி வந்து என் சட்டையில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பாள். "நைனா, இன்னிக்கு தேங்கா பன்னு" என்று வாசனையிலேயே சொல்லிவிடுவாள். ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை. அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு இனிக்கிறது, உடனே வலிக்கவும் செய்கிறது.

ஏனென்றால் அவள் உடம்பு தேறவே இல்லை. தினமும் நாலைந்து தடவை வயிற்றால் போகும். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் உப்பல். தலை வாரினால் சீப்போடு முடி வரும். ஐந்து வயதுப் பிள்ளையின் எடைதான் இருந்தாள். ஆஸ்பத்திரியில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள், ரத்தத்துக்கு டானிக் கொடுத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

வயிறு சரியில்லை என்றால் சோற்றை நிறுத்திவிட்டு ரொட்டியும் பாலும் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நானோ ரொட்டி போடுகிறவன். மெத்தென்று வந்த பன்னாகப் பார்த்து அவளுக்கென்று எடுத்து வருவேன். அவள் மெலிய மெலிய இன்னும் இரண்டு சேர்த்து எடுத்து வந்தேன்.

"இன்னா மாமு, ஊருக்கே பன்னு போட்றே, உம்பொண்ணு எலும்பா கீது?" என்று தெருவில் ஒருவர் கேட்டார். சிரித்தபடி வந்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, "ஆண்டவரே, இவளை எடுத்துக்கொள்ளாதேயும்" என்று அழுதேன்.

அந்த டிசம்பர் மழையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கல்மண்டபம் ஏரியாவில் என் மனைவி ஸ்டெல்லாவின் அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா மீன் விற்பவர். பேக்கரியிலும் தண்ணீர் புகுந்து மூன்று வாரம் அடுப்பு எரியவில்லை. அக்கா வீட்டில் மூன்று வேளையும் கஞ்சி, சோறு, மீன் குழம்புதான். இரண்டாவது வாரம் ஜெனிக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது. மூன்றாவது வாரம் மாடிப்படியில் ஏறி இறங்கி விளையாடினாள்.

அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, உங்க வூட்ல பன்னா குட்து குட்து புள்ளய காய வெச்சிட்டீங்க. என் வூட்டுச் சோத்த துன்னு எப்டி கீது பாரு" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுப்பு மறுபடி எரிந்த அன்று முதலில் வந்த பன்னை அவளுக்குத்தான் கொண்டுபோனேன். ஒரு வாரத்தில் பழையபடி சுருண்டு படுத்தாள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஆனால் படித்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரியில் எப்போதும் ஸ்டெல்லாதான் பேசுவாள், நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த வாரம் பார்த்து ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல். "ஆண்டவரே, இன்று ஒரு நாள் எனக்கு வாயைத் தாரும்" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா மறுபடியும் டானிக் எழுதினார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, பன்னு துன்னாதான் புள்ளைக்கு ஆவல. சோறு துன்னா நல்லா கீது" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "உட்காருங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார். அத்தனை வருடத்தில் ஆஸ்பத்திரியில் என்னை உட்காரச் சொன்னது அன்றுதான்.

"இது சீலியாக் நோயா இருக்கலாம். கோதுமைல குளூட்டன்னு ஒரு புரதம் இருக்கு. அது உள்ள போனா சில பேருக்கு அவங்க உடம்பே குடலோட உள்பக்கத்தத் தாக்கிடும். அப்புறம் எத சாப்பிட்டாலும் சத்து ஒட்டாது. ஆனா டெஸ்ட் முடியிற வரைக்கும் ரொட்டிய நிறுத்தாதீங்க. நிறுத்திட்டா டெஸ்ட்ல தெரியாது" என்றார்.

ஆறு வாரம். என் வாழ்க்கையில் அதைப்போல் கடினமான நாட்கள் இல்லை. விஷம் என்று தெரிந்தும் என் கையால் பிட்டு ஊட்டினேன். "வேணாம் நைனா, வலிக்குது" என்பாள். "இன்னும் கொஞ்ச நாள்தாம்மா" என்பேன். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஜெபம்.

ரத்தத்தில் தெரிந்தது. குழாய் விட்டு, குடலில் துளி சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். மாத்திரை கிடையாது. ரொட்டி, மைதா, ரவை, சேமியா எதுவும் வாழ்நாள் முழுக்க ஆகாது. அரிசி, கேழ்வரகு, மீன், முட்டை எல்லாம் சாப்பிடலாம். கோதுமையை நிறுத்திய பிறகும் வயிறு ஒரு மாதம் அடங்கவில்லை. பார்த்தால் ரசத்தில் போட்ட கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. அதையும் விட்டோம். மாவு ஒட்டிய உடம்போடு வீட்டுக்கு வரக்கூடாது என்று பேக்கரியிலேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தேன். ஜெனி ஓடி வந்து மோந்து பார்த்துவிட்டு, "சோப்பு" என்றாள். இருவரும் சிரித்தோம். நான் மட்டும் கொஞ்சம் அழுதேன்.

இப்போது அவளுக்குப் பதினாறு. அம்மாவைவிட உயரம். போன மாதம் ஞானஸ்நானம் எடுத்தாள். திருவிருந்தில் பிட்டுக் கொடுக்கிற கோதுமை அப்பத்துக்குப் பதிலாக அவளுக்கு மட்டும் தனியாக ஏதாவது வைக்கலாமா என்று பாஸ்டர் ஐயாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஒரே அப்பத்துல எல்லாரும் பங்கு பெறணும் பிரதர். நீங்க அரிசில பண்ணிக் கொண்டாங்க" என்றார். வீட்டில் மூன்று தடவை செய்தேன், இரண்டு தடவை கல்லாகிவிட்டது. மூன்றாவதைத்தான் அன்று நீங்கள் எல்லோரும் பிட்டுச் சாப்பிட்டீர்கள். என் மகள் உங்கள் வரிசையில் நின்று, உங்களோடு சாப்பிட்டாள். வலி இல்லாமல் வீட்டுக்கு வந்தாள்.

சபையாரே, உங்கள் வீட்டிலும் காரணம் தெரியாமல் மெலிகிற பிள்ளை இருந்தால் ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். ஊமைபோல் நின்ற எனக்கு வாய் கொடுத்தவர் உங்களையும் கைவிடமாட்டார்.

இதை எழுதி முடித்தது ஆகஸ்ட் பதினான்கு, வியாழக்கிழமை.